மர அறுவை மில்லும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்காவை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பூந்தமல்லி மர அறுவை மில்லைப் பற்றித்தான் எழுத வருகிறது. மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான் அக்கா பிறந்தார்.

போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தாவும், பின்னாளில் அக்காவின் பங்குதாரரான காதர் பாயின் கொள்ளுத்தாத்தாவும் கூட்டாகத் தொடங்கிய சிறு கம்பெனி அது. எங்களவர் ரம்பம் இழுத்த கூலியாள். பாய் வீட்டார் மர வியாபாரிகள். பழைய நீராவி எஞ்சின் ஒன்றை வாங்கி, கழிவு மரத்தையே எரித்து ஓட்டினார்களாம். வண்டிச் சக்கரத்துக்கும் கதவு நிலைக்கும் மரம் அறுத்த மில், அம்பத்தூரில் தொழிற்சாலைகள் வந்தபின் பெட்டிப் பலகை அறுத்துப் பிழைத்தது.

அப்பா திடீரென மறைந்தபோது அக்கா அப்போதுதான் கல்லூரியை முடித்திருந்தார். தம்பியும் நானும் பள்ளியில் இருந்தோம். காரியம் முடிந்ததும் அக்கா மில்லுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பலகை வாங்க வந்த ஒருவர், "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்றாராம்.

"உங்களுக்குப் பலகை வேணுமா, ஆம்பள வேணுமா?"

அக்காவின் இந்தப் பதிலைக் காதர் பாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பங்குதாரர்தான் என்றாலும், வயதில் இளையவர் என்பதால் "அக்கா" என்றே அழைப்பார்.

காலப்போக்கில் மில்லைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தன. சத்தம், மரத்தூள் என்று புகார் போய், இடம் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பாய் திருவள்ளூர் பக்கம் ஓர் இடம் பார்த்தார். அக்கா ஒப்பவில்லை.

"குமணன்சாவடியில கீற ஆளுங்க அவ்ளோ தூரம் எப்படி வருவாங்க?"

"வேன் வெச்சிக்கலாம்க்கா. இங்கயே இருந்துகினு இன்னா பண்றது? சீல் வெச்சிடுவாங்க."

"உங்க வாப்பா இருந்திருந்தா இப்படிப் பேசியிருக்க மாட்டாரு."

பாய் எழுந்து போய்விட்டார். கம்பெனி பிரிந்தது. இயந்திரங்கள் அவரோடு போயின. ஆட்களும் போனார்கள்.

"யாருக்காக நான் சண்டை போட்டேனோ அவங்கதான் மொதல்ல வேன்ல ஏறுனாங்க" என்றார் அக்கா ஒருநாள். பிறகு அவரே, "பாய் சொன்னதுதான் சரி" என்றார். அதைப் பாயிடம் போய்ச் சொல்லத்தான் அக்காவுக்கு மனம் வரவில்லை. மில்லில் வேலை செய்த ஏழுமலை அண்ணன் வந்து, "பாய் உங்களக் கேட்டுகினேதான் கீறாரு. ஒரு வாட்டி வந்துட்டுப் போங்கக்கா" என்பார். அடுத்த மாதம் போகலாம் என்பார் அக்கா. முழங்கால் வலி, மழை, விசேஷம் என்று வருடங்கள் ஓடின.

பிறகு பக்கவாதம் வந்து அக்காவின் பேச்சைப் பறித்துக்கொண்டது. சேதி கேட்டுப் பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

"ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்க்கா. உள்ள வந்திருக்கணும்."

அக்காவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில நாட்களில் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தார், தோள் கொடுத்த மில் தொழிலாளர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய்க்கு நன்றி சொல்லப் போனபோது, அவர் சொன்னதே சரி என்று அக்கா அன்று ஒத்துக்கொண்டதை அவரிடம் சொன்னேன்.

"அவங்க வாயால கேட்டிருந்தா, ஆளுங்களுக்குத் தூரந்தான், நீங்க சொன்னதும் சரிதான்க்கான்னு நானும் சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.