அசையாத படம்

றப்பர் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் தண்ணீர் கசியத் தொடங்கியதை முதலில் பார்த்தவள் என் அண்ணி. வைகாசி மழை பிடித்து ஐந்தாம் நாள் காலை அது. பாத்திரம் கழுவப் போனவள் கழுவாமலே திரும்பி வந்தாள்.

"மேட்டுலேர்ந்து சேத்துத் தண்ணி வருது. அந்த எடத்துல இதுக்கு முன்னாடி தண்ணியே வந்ததில்ல" என்றாள்.

போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சமைக்கும் குசினியின் பின்சுவரில் நீலத் தண்ணீர்க்குழாய் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு. இரண்டு விரலைச் சேர்த்து உள்ளே விட்டேன். தடையில்லாமல் போயின.

அந்த வெடிப்பு புதிதல்ல என்பதுதான் எங்கள் தொல்லையே. ஒரு மாதத்துக்கு முன் பார்க்க வந்த உத்தியோகத்தர் ஒருவர், பழைய வெடிப்பு, கட்டடத்தின் வயது அப்படி, சீமெந்து பூசினால் போதும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். தோட்டத்து ஆபீசுக்கு யார் போய்ச் சொன்னாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார்கள். லயத்தில் நாங்கள் பதினொரு குடும்பம். அண்ணன் கொழும்பில் வேலை. எங்கள் காம்பராவில் அண்ணியும் அவள் மகளும், றப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவும், தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கும் நானும் இருந்தோம்.

எட்டு மணிக்குத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் குடையோடு வந்தார். கிராம சேவகர் அவருக்குப் போன் பண்ணியிருந்தார். பகல் இரண்டு மணிக்குப் பிரதேச செயலகத்தில் அவசரக் கூட்டம். மண்சரிவு பார்க்கும் மேலதிகாரி வருவதாக இருந்தது. பாதை மூடியதால் அவர் கேகாலையிலிருந்து திரையில்தான் பேசுவார்.

"ஒரே ஒரு வீடியோ அனுப்பச் சொல்றாங்க டீச்சர். ரெண்டு நிமிஷத்துக்கு மேல கூடாதாம். ஒரு மணிக்குள்ள போய்ச் சேரணும். எல்லாத் தோட்டமும் அனுப்புது, தனித்தனியா அனுப்புனா யாரும் தொறந்து பாக்க மாட்டாங்களாம்."

வீடியோ எடுப்பது பெரிய காரியமில்லை. மேட்டையும் தண்ணீரையும் வெடிப்பையும் எடுத்து முடித்தேன். ஆனால் அதைப் பார்ப்பவர்கள் மறுபடியும் பழைய வெடிப்பு என்றுதான் சொல்வார்கள். அப்போதுதான் அண்ணிக்கு அந்தப் போட்டோ நினைவு வந்தது. போன தீபாவளிக்கு அவள் மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதே பின்சுவரில் சாய்ந்து நின்ற படம். என் போனில்தான் எடுத்தது. தேடிப் பிடித்தோம். பிள்ளையின் தோளுக்கு மேலே நீலக் குழாய், அதன் பக்கத்தில் பென்சிலால் இழுத்த கோடு மாதிரி ஒரு வெடிப்பு.

அந்தப் படத்தை வீடியோவுக்குள் வைத்தால் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. எதைக் கொண்டு வைப்பது என்பதுதான் தெரியவில்லை. முன்பள்ளிக் கலைவிழாவுக்கு ஒருமுறை வீடியோ ஒட்டியிருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

தோட்டத்தில் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் றப்பர் பால் ஸ்டோரின் படி. அங்கே போய் நின்று, கலைவிழாவுக்குப் பாவித்த அதே செயலியைத் திறந்தேன். வீடியோவை நடுவில் வெட்டிப் படத்தைச் செருகினேன். ஓட்டிப் பார்த்தேன். படம் வந்த கணத்திலிருந்து அது மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பெரிதாகிக்கொண்டே போனது. மூன்று விநாடிக்குள் பென்சில் கோடு கயிறு பருமனுக்கு வந்துவிட்டது. அடுத்த காட்சியில் இன்றைய வெடிப்பு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

தலைவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா இது, பழசும் பெருசாத் தெரியுது?"

"படத்த அதுவே பெருசாக்குதுங்க. கல்யாண வீடியோவுக்குச் செஞ்சது. சும்மா நிக்க விடாது."

அதை நிறுத்தும் இடத்தைத் தேடினேன். இதயம், பூ, மின்னும் நட்சத்திரம் எல்லாம் இருந்தன. நிறுத்த மட்டும் வழியைக் காணோம். போதாதற்குக் கீழ்மூலையில் அந்தச் செயலியின் முத்திரை, சரியாக வெடிப்பின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டு.

வேறொன்றை இறக்கினேன். மழையில் சிக்னல் வந்து வந்து போனது. முழுதாக இறங்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. அதில் படம் அசையாமல் நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டு, முடித்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளையின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. அந்தச் செயலி முகத்தை அழகாக்குவதாக நினைத்து, சுவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. வெடிப்பே இல்லை. யாரோ வெள்ளையடித்துவிட்டுப் போன சுவர்.

மணி பத்தரை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"டவுனுக்குப் போயிருவோம்" என்றார் தலைவர்.

பஸ் ஓடவில்லை. தெரிந்தவரின் ஆட்டோவில் யட்டியாந்தோட்டைக்கு இறங்கினோம். வழியில் இரண்டு இடத்தில் மண் விழுந்து பாதி ரோடுதான் மிச்சமிருந்தது. ஆட்டோக்காரர் ஓரமாக ஒதுக்கி ஓட்டினார். தலைவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டீச்சர், அந்த மொதல் செயலி பெருசாக்குதுன்னீங்களே. போட்டோவ விட்டுட்டு, இன்னைக்கி எடுத்த வெடிப்ப மட்டும் அதுல போட்டா?"

எனக்கு உடனே விளங்கியது. "அது பொய்யில்லீங்களா?"

"யாருக்கு நட்டம்? நாப்பத்திமூணு உசுரு இருக்கு. கொஞ்சம் கூட்டிக் காட்டுனா நாம என்னா கொலையா பண்றோம்?"

அவர் சொன்னது தப்பென்று மனது முழுவதுமாக ஒப்பவில்லை. அண்ணியின் மகள் அந்த நேரம் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. காட்டுவது பெரிதாக இருந்தால் இன்றைக்கே ஏற்பாடு நடக்கும் என்று தோன்றியது. ஆனால் யாராவது ஒருவர் அளவுகோலோடு வந்து, வீடியோவில் காட்டிய அளவு சுவரில் இல்லையென்று கண்டால், அதன் பிறகு இந்த லயத்துக்காரர்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

"இருக்கறத இருக்கறபடி காட்டுனாலே போதுங்க. அது சின்ன வெடிப்பில்ல" என்றேன்.

"காட்ட முடியலையே. அதானே பிரச்சன."

கடைத்தெருவில் ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போன் கார்டு, கல்யாண வீடியோ எல்லாம் அங்கேதான். கடைக்காரர் முஸ்லிம், நடுவயது; எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். நாங்கள் போனபோது திரையில் ஒரு நிக்காஹ் வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தார். ஈரக் குடையோடு நின்று விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவர் அந்த வீடியோவை மூடிவிட்டார்.

"ரெண்டு சாமான் இரிக்கி டீச்சர். புதுசுல போட்டா அழகா வரும். இன்னொண்டு பழசு, அதுல ஒரு அலங்காரமும் இல்ல."

"அழகு வேணாம் நானா. படம் நகரக் கூடாது, நெறம் மாறக் கூடாது, முத்திரை விழக் கூடாது."

"அப்பிடியெண்டா பழசுதான்."

பழைய மென்பொருள் சாம்பல் நிறத்தில், வரவு செலவுத் தாள்போல் வரிசை வரிசையாகத் திறந்தது. கீழ் வரிசையில் என் வீடியோ. மேல் வரிசையில் போட்டோவை வைத்து, எட்டு விநாடிக்கு இழுத்துவிட்டார். போட்டோவை இடது பக்கம் ஒதுக்கி, வலது பக்கத்தில் இன்றைய சுவரை அந்த எட்டு விநாடியும் உறைந்து நிற்கச் செய்தார். பார்த்தால் அளவு ஒத்து வரவில்லை. தீபாவளிப் படம் தூரத்திலிருந்து எடுத்தது, இன்றைக்கு நான் கிட்டே நின்று எடுத்திருந்தேன்.

"இதயும் சும்மா விட ஏலாது. ரெண்டுலயும் மாறாத சாமான் என்ன இரிக்கி?" என்று கேட்டார் நானா.

"குழாய்" என்றேன்.

இரண்டு படத்திலும் நீலக் குழாய் ஒரே பருமனாகும்வரை இழுத்துப் பொருத்தினார். இடது பக்கம் குழாயும் ஒரு கோடும். வலது பக்கம் குழாயும், குழாயை விட அகலமான ஒரு கறுப்புப் பிளவும். தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தினமும் அதன் பக்கத்தில் நடந்தவர்கள் நாங்கள். இவ்வளவு என்று எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

இடப்பக்கம் 'போன தீபாவளி', வலப்பக்கம் 'இன்று காலை' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, வீடியோவை ஒன்றாக்கக் கொடுத்தார். மணி பன்னிரண்டு இருபது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. அது பாதி தாண்டியபோது கரண்ட் போனது.

மேசைக்குக் கீழே இருந்த பற்றரிப் பெட்டி கூவத் தொடங்கியது. "பழைய பற்றரி. பத்து நிமிஷம் தாங்கினா பெரிய விஷயம்" என்றபடி நானா கையை நீட்டித் திரையை அணைத்தார். எனக்குத் திக்கென்றது.

"ஏன் நானா?"

"கரண்ட மிச்சம் புடிக்க. உள்ளுக்கு வேல நடக்கும்."

இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாது. கூவல் நெருங்கி நெருங்கி வந்தது. வெளியே தகரத்தில் மழை. அந்த நேரம் அண்ணி போன் பண்ணினாள். "தண்ணி இப்ப கூடுதலா வருது. மேட்டுல நின்ன றப்பர் மரம் ஒன்னு சாஞ்சிருச்சு." புள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போ, அப்பாவையும் இழுத்துக்கொண்டு போ என்றேன். அப்பா வர மாட்டேன் என்கிறார் என்றாள்.

நானா திரையைத் திறந்தபோது பச்சைக் கோடு கடைசிவரை போயிருந்தது. பென் டிரைவில் ஏற்றி, அதை என் போனுக்கு மாற்றி முடிக்கவும் பெட்டி ஒரே கூவலாய்க் கூவி அணையவும் சரியாக இருந்தது. ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கையில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது அடையாளம் விழும்வரை கடைவாசலில் போனை மழையில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்தே நானும் தலைவரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். கூட்டத்தில் எங்கள் முறை வர மூன்று மணியானது. மேலதிகாரி ஒரு பெண். சுவர்த் திரையில் முகம் விட்டு விட்டுத் தெரிந்தது. எங்கள் வீடியோ ஓடியது. அந்த எட்டு விநாடி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

தோட்டத்து ஆபீசிலிருந்து வந்திருந்த கிளார்க் எழுந்து, "இதெல்லாம் இப்ப போன்லயே செய்யலாம் மிஸ், நம்ப முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

மேலதிகாரி கேட்டார், இது எடிட் செய்ததா என்று. தலைவர் என்னைப் பார்த்தார். நானும் சிங்களத்திலேயே சொன்னேன். "ஆமா மிஸ், பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கோம். குழாய் ஒரே அளவு வரும்படி மட்டும் செஞ்சோம். ரெண்டு ஒரிஜினலும் என் போன்ல இருக்கு, எடுத்த தேதியோட."

அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவர் தலையைக் குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, குழாய் எத்தனை அங்குலம் என்று கேட்டார். ஒரு அங்குலம் என்றேன். தண்ணீர் என்ன நிறம், எப்போதிருந்து, மேட்டில் மரம் ஏதும் சாய்ந்ததா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். கடைசியில் பிரதேச செயலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் அந்த லயத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது என்றார்.

மாலை ஐந்தரைக்குள் பதினொரு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டோம். அப்பாவைத் தலைவரும் கிராம சேவகரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். "சட்டி பானையெல்லாம் கெடக்கு, களவு போச்சுன்னா யாரு பொறுப்பு" என்று அவர் வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணியிருக்கும். லொறியிலிருந்து கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். மண்டபத்தில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். தலைவர் பட்டியலை எடுத்து ஆள் எண்ணினார். நாற்பத்திரண்டு. மறுபடியும் எண்ணினார். நாற்பத்திரண்டுதான். அண்ணி இல்லை. கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லியிருந்தாளாம்.

நான் வெறுங்காலோடு ஓடினேன். பொலிஸ்காரர் ஒருவர் கோயில் வளைவில் மறித்துப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் லயத்தின் முன்பக்கம் அப்படியே நின்றது. பின்னால் குசினிகள் இருந்த இடத்தில் சிவந்த மண், கூரை உயரத்துக்கு. என் வாயில் வந்ததெல்லாம் அவர் முகத்தில் கத்தினேன். அப்போது கீழ் ரோட்டில் அண்ணி ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மேலே போக விடாமல் பொலிஸ் திருப்பிவிட்டதால், விறகாவது எடுப்போம் என்று ஆற்றோரம் போயிருந்தாள். என்னைப் பார்த்து, "ஏன் இப்புடி நிக்கிறீங்க, செருப்பு எங்க?" என்றாள். அவளை அடிக்கத்தான் கை ஓங்கினேன், கட்டிப்பிடித்துக்கொண்டேன். விறகு ரோட்டில் சிதறியது.

இப்போது விளையாட்டுத் திடலில் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டில்களில் இருக்கிறோம். வீடு கட்ட நிலம் அளந்தார்கள், கல் நட்டார்கள். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. பகலில் தகரம் கொதிக்கிறது. அப்பா வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற உத்தியோகத்தர்களிடமெல்லாம் எப்போது கட்டுவீர்கள் என்று சிங்களத்தில் கேட்கிறார். அவர்களும் அடுத்த மாதம் என்கிறார்கள்.