லஸ்கர் பஞ்சநதம் சொல்லாத பொய்

சுவாமிமலைக்குச் சற்று மேற்கே, காவிரியின் குறுக்கே, ஒன்பது கண்களுடைய சிறு கதவணை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. அதன் ஷட்டர்களை ஏற்றியிறக்கி, வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுபவரை லஸ்கர் என்பார்கள். பஞ்சநதம் அந்த வேலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தார். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும், காலையில் அணையின்மேல் ஒரு நடை நடந்து, நீர் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்க்காமல் அவர் காபி குடிப்பதில்லை.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கறுப்புச் சட்டை அணிந்தவரல்லர், மேடையேறியவரல்லர், யாரோடும் வாதிட்டவருமல்லர். இல்லை என்று தோன்றியது, அதோடு விட்டுவிட்டார். திருவையாற்று ஈசனின் திருநாமத்தைச் சுமந்துகொண்டு இப்படி இருக்கிறீரே என்று ஒருமுறை கேட்டேன். நான் கோயிலில் பதிகம் பாடுவதால் என்னை ‘ஓதுவாரே’ என்றழைப்பார்; கேலியாக வைத்த பெயர்தான், ஆயினும் மரியாதை குறையாமல் கூப்பிடுவார்.

“பஞ்சநதம்னா அஞ்சு ஆறு, ஓதுவாரே. ஆத்துல வேலை பாக்குறவனுக்கு ஆத்துப் பேரு. இதுல சாமி எங்க வந்தாரு?”

அணையில் வேலை பார்ப்பவருக்கு ஆறு வேறொரு பணியையும் வைக்கும். மேற்கே எங்கோ தவறி விழுந்தவர்களும், தாமாகவே விழுந்தவர்களும் ஷட்டரில் வந்து தங்கிவிடுவார்கள். பஞ்சநதம் தம் காலத்தில் பத்தொன்பது பேரைக் கரையேற்றினார். ஏற்றிய கையோடு குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, முகத்தில் ஒட்டிய சேற்றையும் ஆகாயத்தாமரை வேரையும் கழுவுவார். தலைமயிரை விரலால் கோதிவிடுவார். தம் துண்டினால் போர்த்திவிட்டு, காவலர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நானும் அங்கிருந்தேன். வந்த காவலர் ஜீப்பிலிருந்து இறங்காமலே, “பாடி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“இவரு இங்க இருக்காரு,” என்றார் பஞ்சநதம்.

உயிர் நீங்கிய மறுகணமே மனிதரை ‘அது’ என்று சொல்லத் தொடங்குவது உலக வழக்கு. எப்போது எடுக்கிறார்கள், இன்னும் தூக்கவில்லையா என்று கேட்கிறோம். நேற்றுவரை உயர்திணையாக இருந்தவர் இன்று அஃறிணையாகிவிடுகிறார். ஆன்மா அழியாதது என்று நாள்தோறும் பாடும் நானே அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். இறந்தபின் ஒன்றுமில்லை என்னும் இந்த மனிதர் மட்டும், பெயர் தெரியாத பிணத்தையும் ‘இவரு’ என்றார். காரணம் கேட்டேன்.

“உசுரு மேல போயிடுச்சுன்னு நம்புறவங்க, அதை அனுப்பிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். எனக்கு அப்படி அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லையே. இவரு மட்டும்தான் மிச்சம். இவரைத்தானே நான் பாக்கணும்.”



அவர் மனைவி பூவம்மாள் நம்பிக்கையே உருவானவர். கிருத்திகை தவறாமல் சுவாமிமலைக்குப் போவார். பஞ்சநதம் அர்ச்சனைக் கூடையைச் சுமந்து உடன் செல்வார். அறுபது படிகளின் அடிவாரத்தில் கூடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். அம்மையார் இறங்கி வர ஒருமணி நேரம் ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை. நாற்பத்தோர் ஆண்டுகள் இவ்விதம் சென்றன. அவருடைய நம்பிக்கையை இவர் பழித்ததில்லை. ஆனால் அம்மையார் இவரைச் சீண்டாத நாளில்லை.

செத்த பிறகு எங்கே போவீர்கள் என்று ஒருநாள் அம்மையார் கேட்டபோது நான் அருகில் இருந்தேன். ஷட்டரை இறக்கினால் தண்ணீர் எங்கே போனது என்று யாராவது கேட்பார்களா, நின்றது, அவ்வளவுதான் என்றார் பஞ்சநதம்.

“முப்பது வருஷம் ஷட்டர் இறக்குனவரு பேசுற பேச்சா இது? நின்ன தண்ணி மேலதாங்க ஏறும்,” என்றார் பூவம்மாள்.

பஞ்சநதம் வாய்விட்டுச் சிரித்தார்.

சென்ற புரட்டாசியில் பூவம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்தன. இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மஸ்கட்டில் செவிலியாக இருக்கும் ஒரே மகள் மேகலா விடுப்பில் வந்து தாயைப் பார்த்துக்கொண்டாள். மாலைதோறும் சென்று ஒரு பதிகம் பாடும்படி அம்மையார் என்னைக் கேட்டுக்கொண்டார். ஐப்பசி பிறந்து, நல்ல மழையில் காவிரி இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலை, நான் பாடி முடித்ததும் அம்மையார் கணவரை அருகே அழைத்தார்.

“என்னங்க, நான் முன்னால போறேன். அங்க உங்களுக்காகக் காத்திருக்கவா?”

பஞ்சநதம் அவருடைய கையைப் பற்றினார். பிறகு எழுந்து, தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வருவதாகச் சொல்லி அணைக்குப் போய்விட்டார்.

மறுநாளும் பதில் வரவில்லை. மேகலா தந்தையை வாசலில் நிறுத்தி, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். கேள்விக்குப் பதிலில்லாமல் ஓர் உயிர் தவிக்கிறது, ஆறுதலுக்காகச் சொல்லும் சொல் பொய்யாகாது என்று வாதாடினேன். நம்பிக்கையுள்ள நான் பொய் சொல்லும்படி வேண்ட, நம்பிக்கையில்லாத அவர் மெய்யைப் பற்றிக்கொண்டு நின்ற விந்தை அப்போது எனக்குப் புலப்படவில்லை.

“நாப்பத்தோரு வருஷத்துல நான் அவகிட்ட பொய் சொன்னதில்ல, ஓதுவாரே. கடைசியா ஒண்ணைச் சொல்லி அனுப்பச் சொல்றீங்களா? அவளுக்குத் தெரியும். நான் பொய் சொன்னா என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. அப்புறம் அதை நினைச்சுக்கிட்டே போவா.”

அப்படியானால் வரமாட்டேன் என்று சொல்லப்போகிறீர்களா என்று மேகலா கேட்டாள். அதையும் எப்படிச் சொல்வது என்று கேட்டு அவர் தலை குனிந்தார். அந்த இரண்டு நாளும் அவர் சரியாக உண்ணவில்லை. உள்ளே கிடந்த அம்மையாரோ என்னிடம், “உங்க ஆளு பதில் தேடி ஆத்துக்குப் போயிருக்காரு. தண்ணியில மிதந்து வந்தா எடுத்துட்டு வருவாரு,” என்று சிரித்தார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, நான் பாடிக்கொண்டிருக்கையில் பஞ்சநதம் வந்து கட்டிலருகே அமர்ந்தார். பாட்டை நிறுத்தினேன்.

“பூவு, நீ அங்க இருந்தா, நான் வராம வேற எங்க போவேன்?”

பூவம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த வற்றிய முகம் மெல்ல மலர்ந்தது.

“இருந்தா-ன்னு ஒரு ஷட்டரைப் போட்டுட்டீங்க,” என்றார். “பரவால்ல. ஒரு சாணாவது தூக்கியிருக்கீங்க. எனக்கு அது போதும்.”

பொய்யும் இல்லை, மறுப்பும் இல்லை. ‘ஆல்’ என்னும் ஒரு விகுதியின் நிழலில் இருவரும் கைகோத்து அமர்ந்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் நான் பாடிய பாடல்களில் அவ்விகுதி எத்தனையோ இடங்களில் வந்திருக்கும். அதனுள் இருவர் தங்கும் அளவுக்கு இடமிருப்பதை அன்றுதான் கண்டேன்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், பூவம்மாளின் உயிர் பிரிந்தது. பஞ்சநதம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தாமே முகம் கழுவினார், தலை வாரிவிட்டார். மகன் இல்லாததால் கொள்ளியும் அவரே வைத்தார். சொல்ல வேண்டியதை மற்றவர்கள் சொன்னார்கள்; செய்ய வேண்டியதை அவர் ஒன்று விடாமல் செய்தார்.

சிக்கல் மறுநாள் எழுந்தது. தம் சாம்பலைப் பூம்புகார்க் கடலில் சேர்க்க வேண்டும் என்று பூவம்மாள் முன்பே சொல்லியிருந்தார். அவருடைய தம்பி நாகேஸ்வரன் வண்டிக்குச் சொல்லிவிட்டார். பஞ்சநதமோ வண்டி வேண்டாம், இங்கே அணையிலேயே விடப்போகிறேன் என்றார். நாகேஸ்வரனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நம்பாதவர் கையில் அக்காவைக் கொடுத்தது தவறு, கடைசி ஆசையைக்கூட மதிக்கவில்லை என்று உறவினர் முன்னிலையில் சொன்னார். எனக்கும் உள்ளூர வருத்தம்தான். பஞ்சநதம் ஒன்றே சொன்னார்.

“கடலுக்குத்தான் மாப்ள போறா. ஆத்து வழியா போறா.”

காலை எட்டு மணிக்கு அணையின் நடுக்கண்ணுக்குக் கீழே இறங்கி, கலயத்தைத் தண்ணீருக்குள் சாய்த்துக் கரைத்தார். ஒரு நுரைக்கோடு சற்று நேரம் தெரிந்தது, பிறகு மறைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கிழக்கே உள்ள கதவணைகள் ஒவ்வொன்றின் லஸ்கரையும் அழைத்து, எத்தனை அடி ஓடுகிறது, ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று விசாரித்தார். கடைசிக் கதவணையில் இருப்பவர் நௌஷாத். முன்பு இவரிடம் வேலை பழகியவர்.

“எல்லாம் தூக்கிதாண்ணே இருக்கு. மழை தண்ணி, முழுக்கக் கடலுக்குத்தான் போவுது. ரிட்டையர் ஆன பொறவும் டூட்டி விடலையாண்ணே?” என்று நௌஷாத் சிரித்தது எனக்கும் கேட்டது.

நாளை மாலை வரை இறக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பஞ்சநதம் போனை வைத்தார். கண்ணை மூடி ஏதோ கணக்கிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இங்கேருந்து ஆத்து வழியா எழுபது கிலோமீட்டர். நிறைஞ்ச தண்ணி, தடை ஒண்ணும் இல்ல. நாளைக்குச் சாயந்திரம் நாலு மணி சுமாருக்கு அங்க சேந்துருவா. வர்றீங்களா?”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

“அவ காத்திருக்கேன்னு சொன்னா. எனக்கு அது தெரியாது. காத்திருக்கறது எனக்கும் வரும். படிக்கட்டுக்குக் கீழ நாப்பத்தோரு வருஷம் நின்னவன்தானே?”

மறுநாள் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பேருந்து மாறி, மூன்று மணிக்குப் பூம்புகார் சேர்ந்தோம். மழைநீர் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. செந்நிறக் காவிரி நீலத்துக்குள் நெடுந்தூரம் சென்று, நிறம் மாறாமல் நின்று, பின்பு மாறியது. அருகே சிலர் யாருக்கோ எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருந்தனர். பஞ்சநதம் செருப்பைக் கழற்றிவிட்டு நீரின் ஓரத்தில் நின்றார். மந்திரம் இல்லை, கும்பிடவுமில்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுபவர்போல ஆறு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி முன்னே நின்றபோதெல்லாம் என் மனம் எத்தனை முறை வீட்டுக்கும் கடைக்கும் ஓடியிருக்கிறது என்பதை நான் அறிவேன். அந்த ஒருமணி நேரமும் அவர் கண் இமைத்ததாகவே தோன்றவில்லை.

நான்கு மணி கடந்து சில நிமிடம் ஆகியிருக்கும். முழங்காலளவு நீரில் இறங்கினார். இரு கையாலும் தண்ணீரை அள்ளினார், சிந்தவில்லை. முகம் கழுவும் பக்குவத்தில் அதைச் சற்று நேரம் ஏந்தியிருந்துவிட்டு, மெதுவாகக் கடல் பக்கம் விட்டார்.

“வந்துட்டா,” என்றார்.

பேச்சுத் தமிழில் அச்சொல்லின் கடைசி மெய் தேய்ந்துபோகும். ‘வந்துவிட்டாள்’ என்றும் கொள்ளலாம். ‘வந்துவிட்டால்’ என்றும் கொள்ளலாம். எது என்று நான் கேட்கவில்லை. கரையில் அவர் கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.