மெதுவாகப் போடாதீங்க

காரைக்கால் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் டென்னிஸ் மைதானத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து மட்டையோடு போனேன். கல்யாணம், பிள்ளைகள், நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை என்று காலம் ஓடிவிட்டிருந்தது. "போயிட்டு வா, தைலம் வாங்கி வச்சிருக்கேன்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு ஆட்டம் மறக்கவில்லை.

ஆனால் அங்கே ஆட விட்டால்தானே! எதிரே நின்றவர் கல்லூரியில் என்னோடு ஆடியவர். என்னிடம் தோற்றுத் தோற்று முகம் சுருங்கிப் போனவர். இப்போது வங்கி அதிகாரி. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பந்தைத் தட்டிக் கொடுத்தார். நான் வலையில் அடித்தால், பரவாயில்லை டீச்சர், அதைச் சேர்க்க வேண்டாம், இன்னொன்று போடுங்கள் என்பார். பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டுவார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இப்படியே விட்டால் கடைசிவரை என்னை விருந்தாளியாகத்தான் வைத்திருப்பார்கள், ஆட்டக்காரியாகச் சேர்க்கவே மாட்டார்கள் என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வலையருகே போய்ச் சொல்லிவிட்டேன்: "எனக்கு மெதுவா போடாதீங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன். இல்லன்னா நாளையிலேருந்து நான் வரல."

அவர் ஏதோ சொல்லி மழுப்பினார். செட் தொடங்கியதும் மறுபடி அதே தட்டல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடல்காற்று நன்றாக வீச ஆரம்பித்திருந்தது. அந்தக் காற்றிலேயே பழகிய கை இது. காற்றுக்கு எதிரே உயரத் தூக்கிவிட்டால், வெளியே போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் பந்து கோட்டுக்குள்ளே இறங்கும். வெளியேதான் விழும் என்று அவர் இரண்டு பந்தை விட்டுவிட்டார். இரண்டும் உள்ளே. அடுத்த இரண்டுக்கும் ஓடினார், எட்டவில்லை. முதல் கேம் எனக்கு. பெஞ்சிலிருந்து ஒருவர், வங்கியில் உட்கார்ந்தே பழகிவிட்டாயா என்று அவரைச் சீண்டினார்.

அதோடு மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து அவர் போட்ட சர்வீஸ் என்னைத் தாண்டி விர்ரென்று போய்க் கம்பிவேலியில் மோதியது. நான் மட்டையை அசைக்கக்கூட இல்லை. அப்பாடா, இப்போதுதான் ஆட வந்திருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. விழுந்து எழுந்து ஆடினோம்.

நாலுக்கு ஆறு என்று தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன். நாளைக்கும் இதே நேரம்தானே என்று கேட்டேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"நாளைக்கு வேணாம் டீச்சர்," என்றார். "ரெண்டு நாள் டயம் குடுங்க. நான் கொஞ்சம் பழகிட்டு வரேன்."