பாஞ்சாலி பூட்டிய கேட்டு

வல்லம் வடகாலில் பாஞ்சாலி கட்டிவிட்ட வாடகை ரூம்களில் இருப்பதெல்லாம் குடோனில் பார்சல் கட்டும் தெற்கத்திப் பெண்கள். அவர்களை வேலைக்கு எடுத்துக் குடிவைத்தவன் கான்ட்ராக்டர். சங்கம் தொடங்கும் கூட்டத்துக்கு அவர்கள் கிளம்பவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் பண்ணினான்.

"கேட்டைத் தொறக்காதம்மா. தொறந்தியானா அத்தினி ரூமும் காலி."

பாஞ்சாலி கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்தாள். பாழாய்ப்போன தூக்கம் வந்தால்தானே! யாராவது கதவைத் தட்டித் திட்டியிருந்தால்கூடக் கேட்டைத் திறந்துவிட்டிருப்பாள். ஒருத்தியும் தட்டவில்லை.

கூட்டம் முடிந்திருக்கும் என்று மதியம் வெளியே வந்தாள். முதல் ரூமில் இருக்கும் பாண்டிச்செல்வி கஞ்சியோடு நின்றாள்.

"காய்ச்சல்னு சொன்னீங்கல்லா, அசந்து தூங்குதீங்கன்னு எழுப்பல. குடிங்கம்மா."

காய்ச்சல் நேற்றே விட்டிருந்தது.

"கூட்டத்த அடுத்த வாரத்துக்கு மாத்தியாச்சு. அன்னைக்கு சாவிய எங்கிட்ட தந்துட்டுப் படுங்க. ஒங்களுக்கு எதுக்கு சிரமம்?"