கிணற்றில் கற்ற நீச்சல்

துரைக்கண்ணு ராஜாங்கம், 1983–2024. வல்லத்தில் பிறந்து செஞ்சியில் இறந்தவர். கட்டட வேலைக்காக அந்தமான் சென்றவர், அங்கே கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியானார். அவசரமற்ற வேலை அது. தீவுகளுக்கு இடையே, அலையாத்திக் காடுகளின் ஓரமாகத் துடுப்போசை எழாமல் சென்று, கடற்கழுகின் கூட்டையும் மூச்சுவிட மேலே வரும் ஆமையையும் காட்ட வேண்டும். வழிகாட்டியின் படகு எப்போதும் கடைசியில் வரும். முன்னே செல்பவர் அனைவரும் அவர் பார்வையில் இருக்க வேண்டும் என்பது விதி.

2019 தொடக்கத்தில், தங்கை சுமலதாவின் கணவர் விமல்ராஜை உதவியாளராக அழைத்துக்கொண்டார். வழியனுப்பும்போது தங்கை ஒன்றைத்தான் கேட்டார்.

"அவுரு அவசரக்காரரு. நீதாண்ணா பாத்துக்கணும்."

மார்ச் 10 காலை, ஒரு முதிய தம்பதியருடன் புறப்பட்டார்கள்.

"இன்னா மாப்ள, லைஃப் ஜாக்கெட்ட அவுத்து மடியில வெச்சிருக்க?"

"வேகுது மச்சான். நம்ம பெரிய கெணத்துல மோட்டார் கொட்டா மேலருந்து குதிச்சவன் நானு. எனக்குப் போயி மெத்த கட்டி வுடுறியே!"

ராஜாங்கம் சிரித்துவிட்டார். அவரும் அதே கிணற்றில் நீந்தக் கற்றவர்.

சற்று நேரத்தில் கடல்பசு ஒன்று கன்றுடன் மேலே வந்தது. விமல்ராஜ் எட்டிப் பார்க்கச் சாய்ந்தார், படகு கவிழ்ந்தது. கடல் வற்றும் வேளை. இரு தீவுகளுக்கு நடுவே தண்ணீர் ஆறுபோல் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் சுவர் கைக்கு எட்டும். அந்தப் பழக்கத்தில் விமல்ராஜ், அருகே தெரிந்த கரையை நோக்கி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினார்.

"நீந்தாத மாப்ள! கைய வீசாத, தண்ணியோடவே போ!"

தம்பதியரின் படகும் இழுபடத் தொடங்கியது. அதை அலையாத்தி வேரில் கட்டிய பிறகே ராஜாங்கத்தால் திரும்ப முடிந்தது. அதற்குள் கவிழ்ந்த படகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியவரிடம் சுமலதா கேட்டது ஒரே கேள்வி.

"ஜாக்கெட் போட்டிருந்தாரா?"

"இல்ல. கேட்டேன், கிண்டல் பண்ணாரு. நானும் சிரிச்சிட்டு வுட்டுட்டன்."

அதன்பின் அவர் அண்ணனிடம் பேசவில்லை. ராஜாங்கம் மறுபடி தீவுக்குப் போகவில்லை. செஞ்சியில் ஒரு சிமென்ட் கடையில் மூட்டை தூக்கினார். துக்க ஆண்டு கழிந்ததும், பொங்கல்தோறும் கரும்பும் பச்சரிசியும் வெல்லமுமாகத் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார். கதவு திறக்காது. வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவார். கரும்பை ஆடுகள் தின்னும்.

ஒருமுறை மட்டும் கதவு திறந்தது.

"அவரு கடைசியா இன்னாத்தப் பாத்தாரு?"

"கடல்பசு. கன்னோட வந்துச்சி. 'மச்சான், நம்மூட்டு எரும மாரியே இருக்குது'ன்னாரு."

 சுமலதா கரும்புக் கட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். அண்ணனை உள்ளே வா என்று அழைக்கவில்லை; கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த மாதம் ராஜாங்கம் மாரடைப்பால் இறந்தார். கதவு திறந்த அன்றுதான் அவர் கடைசியாகத் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுசென்றது: 2024 சனவரி 14, போகியன்று.