உத்தரத்தில் விட்ட ஆணி

களம்பூர் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் பாதிச் சாக்கட்டி ஒன்று இருந்தது. தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஆணி பிடுங்கும் சிறு கடப்பாறை. ஆரணி எனக்குப் பின்னால் இரண்டு மைல் தள்ளிப் போயிருந்தது. எந்த ஊரை விட்டுப் போனாலும் முதல் மைலிலேயே எனக்கு உடம்பு லேசாகிவிடும். அன்று ஆகவில்லை. அடிக்கு ஒருமுறை சாக்கட்டி நெஞ்சில் தட்டியது. எடுத்து எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை பைக்குள் கையை விட்டேன். விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அந்தச் சாக்கட்டியால் அன்று மதியம் ஒரு மரத்தின் முனைத் தலைப்பில் வட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த மரத்துக்குள் ஓர் ஆணி இருந்தது. அது எனக்குத் தெரியும். ரம்பக்காரருக்குத் தெரியாது.

நான் ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, கலசப்பாக்கத்துப் பக்கம் கிணறு வெட்டு, களம்பூர் அரிசி மில்லில் மூட்டை என்று போய், எழுபதுகளின் கடைசியில், முப்பது வயதை நெருங்கும்போது, ஆரணியில் மரம் அறுக்கும் ஒரு சாமில்லில் ஒதுங்கினேன். அப்போது சுற்றுக் கிராமங்களில் பல வீடுகளில் மாடு போய்த் தறி வந்துகொண்டிருந்தது. பாகம் பிரித்ததும் பழைய மாட்டுக் கொட்டாயைக் கலைத்து, அந்த மரத்தைத் தறிக்கால்களாகவும், நெய்த சேலையைச் சுருட்டும் கட்டைகளாகவும் அறுத்துக்கொண்டு போவார்கள். பச்சை மரத்தில் தறி போட்டால் ஆறே மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், சேலையில் கரை கோணலாக ஓடும். ஐம்பது வருஷம் மூட்டப் புகையும் மாட்டு மூச்சும் பட்டு இறுகிய உத்தரம் முறுக்காது. ஆனால் பழைய மரத்தில் ஆணி இருக்கும். அறுக்கும் முன் அதைத் தேடிப் பிடுங்குவது என் வேலை. ஆணித் தலை துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தாலும் மரம் காட்டிக்கொடுத்துவிடும். வேங்கை மரத்தை ஈரத்துணியால் துடைத்தால், இரும்பு இருக்கும் இடம் மை கொட்டியதுபோல் கறுக்கும். பிடுங்கி முடித்த மரத்தின் தலைப்பில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் இருந்தால் சுத்தம்.

ரம்பக்காரர் அந்த வட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். நாடாபோல் சுழன்று ஓடும் ரம்ப வாளுக்கு முன்னால் நின்று மரத்தைத் தள்ளிக் கொடுக்கிறவர் அவர். எதிர்ப்பக்கம் இன்னொருவன் நின்று அறுபட்டதை வாங்குவான். அவருக்கு வலக்கையில் கடைசி இரண்டு விரல் கிடையாது. எனக்கு முன்னால் ஆணி பிடுங்கியவன் ஒரு புளியங்கட்டையில் விட்டுவிட்ட லாட ஆணியால் போன விரல்கள். வாள் அறுந்து சாட்டைபோல் சுழன்றதாம். எதிரே வாங்க நின்றவன் பிழைக்கவில்லை. மீதியிருந்த விரல்களால் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். “ஆணின்னா எங்க சாமிக்கே ஆகாதுபா, நான் எம்மாத்திரம்” என்பார். நான் ஊர் ஊராகப் போகிறவன் என்று தெரிந்ததும் எனக்குப் பாசஞ்சர் என்று பேர் வைத்துவிட்டார். “இன்னா பாசஞ்சர், இன்னும் இந்த ஸ்டேஷன்லதான் நின்னுகினு கீறியா?” என்பதுதான் காலையில் முதல் பேச்சு. ஆனால் வட்டத்தைப் பற்றி ஒருநாளும் அவர் மறுகேள்வி கேட்டதில்லை. பார்த்ததும் சுவிட்சைப் போடுவார். அது எனக்குப் பெருமையைவிட பயத்தைத்தான் தந்தது. எதையும் நெடுநாள் ஒழுங்காகச் செய்து பழகியவன் இல்லை நான்.

அந்த வேங்கை உத்தரம் சந்தவாசல் சாலையில் ஒரு கிராமத்து வீட்டுடையது. அந்த வீட்டில் அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் மனைவியும் பதினெட்டு வயது மகனும் ஒரு பாகம், தம்பி ஒரு பாகம். மாடுகளை விற்றாகிவிட்டது, கொட்டாய் மரத்தில் ஆளுக்கு இரண்டு தறி என்று பேச்சு. நான் இரண்டு நாள் அங்கேயே தங்கி ஆணி பிடுங்கினேன். அண்ணன் மனைவி, நாற்பது வயது இருக்கும், இரண்டு நாளும் என் பக்கத்திலேயே மரத்தின்மேல் உட்கார்ந்து ஒவ்வோர் ஆணிக்கும் கதை சொன்னார். இது லாந்தர் மாட்டியது, இது மாமனார் சட்டை மாட்டியது, இது பசு முதல் கன்று போட்ட அன்றைக்கு வேப்பிலை கட்டியது. ஒன்று அவருடைய கொழுந்தனார், அதாவது அந்தத் தம்பி, பத்தாவது பெயிலானதும் புத்தகப் பையை மாட்டிவிட்டு ஓடிப்போனது. “புடுங்கு தம்பி, இதுல மாட்டுன பைய அவரு திரும்ப எடுக்கவே இல்ல” என்று சிரித்தார்.

சிரிப்பெல்லாம் நடு உத்தரம் வரைக்கும்தான். அதன் ஒரு முனையில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மற்ற இடமெல்லாம் முடித்துவிட்டு, கொஞ்சம் எழுந்திருங்கக்கா என்றேன். மெதுவாக எழுந்தார். ஈரத்துணி பட்டதும் அங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்தது. யாரோ மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்திருந்தார்கள். மெழுகு புதியது. நகத்தால் நோண்டினேன். கொல்லன் அடித்த சதுரத் தலை ஆணி. தலைக்குக் கீழே நாலு சுற்றாகச் சுற்றிய நீளமான முடி, கறுப்பு மாறாமல்.

அது தன் முடி என்றார். முதல் இரண்டு குழந்தைகளும் மாதம் முடியும் முன்னே போய்விட்டன. மூன்றாவதற்கும் காய்ச்சல் கண்டபோது படவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் இந்த அக்காவின் முடியைக் கொத்தாக அறுத்து, ஆணியில் சுற்றி, இந்த உத்தரத்தில் அறைந்தார். அந்தக் குழந்தைதான் இப்போதிருக்கும் மகன்.

“அத புடுங்கினா கட்டுனது அவுந்துடும் தம்பி. எம்புள்ள மேலதான் வரும்.”

“உட்டா வாள் அறுந்துடும்கா. ஆள் செத்துடுவான்.”

அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் அறுக்கக் கூடாதா என்று கேட்டார். கொழுந்தனாருக்குத் தெரிந்தால் சிரித்துக்கொண்டே தன் கையாலேயே பிடுங்கிப் போடுவார், அவரிடம் மட்டும் சொல்லாதே என்றார். நான் கடப்பாறையின் பிளவை ஆணித் தலையில் கொடுத்தேன். முடி லேசாகப் பிரிந்து மேலே வந்தது. கடப்பாறையை வெளியே எடுத்துவிட்டேன். நம்பினேனா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. அந்த வீட்டுப் பையன் அப்போது கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். ரம்பக்காரரிடம் தனியாகச் சொல்லி ஏதாவது செய்கிறேன் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் மறுபடி மெழுகை வைத்து அழுத்தினார்.

மறுநாள் மதியம் டிராக்டரில் மரம் சாமில்லுக்கு வந்தது. மின்வெட்டுக் காலம் அது. எந்த ஊருக்கு எப்போது கரண்ட் விடுவார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். வந்த உடனே மிஷினை ஓட்டவேண்டும். கரண்ட் இல்லாததால் ரம்பக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். கொழுந்தனார்தான் கூட வந்திருந்தார். ஒவ்வொரு மரமாக நான் வட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்து, வேங்கை உத்தரத்தின் முன்னால் நான் தயங்கியதும், “இன்னா முழிச்சிகினு நிக்கிற? இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றார். போட்டேன். அவர் போனபின் அழித்திருக்கலாம். ரம்பக்காரர் வீட்டுக்கு நடந்திருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஆணி இருக்கிறது என்று சொல்வது சுலபம். தெரிந்தே வட்டம் போட்டேன் என்றும் சொல்லவேண்டும், அதற்குத்தான் வாய் வரவில்லை. மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அதுவரை எனக்கு வந்த எல்லாத் தொல்லைக்கும் நான் செய்துகொண்ட வைத்தியம் அது ஒன்றுதான்.

களம்பூரின் முதல் வீடுகளைத் தாண்டும்போது அரிசி மில் ஒன்று திடீரென்று ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. நான் சாலையிலேயே நின்றுவிட்டேன். இந்நேரம் ரம்பக்காரர் சைக்கிளை மிதித்து வந்திருப்பார், வட்டத்தைப் பார்த்திருப்பார், சிலுவை போட்டிருப்பார். பழைய பழக்கத்தில் அந்த மில்லுக்குள்ளேயே ஓடினேன். நெல் கொட்டிக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டு, மெலிந்துவிட்டாய் என்றார். ஆரணியிலும் கரண்ட் வந்திருக்குமா என்று கேட்டேன். “அங்க காத்தால ஆறு மணிக்குதாம்பா. இங்க உட்டா அங்க கட்” என்றார். ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். யாரும் இன்னும் சாகவில்லை என்பது நிம்மதியாக இல்லை. இனி எது நடந்தாலும் தெரிந்தே நடக்கவிட்டதாகும் என்பதுதான் தோன்றியது.

இரவெல்லாம் அந்த மூட்டைகள்மேல், போவதா வேண்டாமா என்று புரண்டுவிட்டு, விடியும்போது ஆரணிக்குப் போன அரிசி லாரியில் ஏறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்த டிரைவர், “இன்னாபா, பொண்டாட்டிக்குப் பிரசவமா?” என்றார். ஆமாம் என்றேன். அதன்பிறகு மனிதர் ஜல்தியாகத்தான் ஓட்டினார். சாமில் இருக்கும் தெருமுனையில் குதித்தபோது மிஷின் சத்தம் கேட்டது. வாள் வெறுமனே ஓடினால் சன்னமாக இழுக்கும். மரத்தைக் கடித்ததும் குரல் அடித்தொண்டைக்கு இறங்கும். நான் ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கியது. தெருவில் ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அதை மிதித்துவிட்டு ஓடினேன். பின்னால் திட்டியது கேட்டது.

அறுபட்டுக்கொண்டிருந்தது வேறு மரம். அது முடிந்து, வேங்கை உத்தரத்தை இரண்டு பேர் மேசையின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரம்பக்காரர் வட்டத்தைப் பார்த்துவிட்டு நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். நேரே போய் உள்ளங்கையால் வட்டத்தைத் தேய்த்து அழித்தேன்.

அவர் சுவிட்சை அணைத்தார். வாள் நிற்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

“சுத்தம் இல்லீங்க” என்றேன். “தெரிஞ்சேதான் போட்டேன்.”

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எங்கே என்று மட்டும் கேட்டார். காட்டினேன். மெழுகைச் சுரண்டி, முடியைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. யாருடையது, எதற்கு என்று கேட்கவும் இல்லை. இரண்டு பேர் இழுக்கும் கை ரம்பத்தை எடுத்துவந்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். ஆணி இருந்த ஒரு முழக் கட்டையை இருவருமாக அறுத்தெடுத்தோம். அதைச் சாக்கில் சுற்றி என் கையில் வைத்தார். “பொம்பளைங்க கையில குடு. முனை உளுத்துப்போச்சு, அறுத்துட்டேன்னு வீட்டு ஆம்பளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அந்தக் கட்டையை அன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எண்பதுகளில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது, மகன் அந்த வேங்கைத் தறியில் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை நெய்துகொண்டிருந்தான். மூலை மாடத்தில் மஞ்சள் பூசிய கட்டை ஒன்று இருந்தது. அது என்ன என்று தெரியாதவன்போல் கேட்டேன். “உளுத்த கட்டை தம்பி” என்றார் அந்த அக்கா, சிரிக்காமல். ரம்பக்காரரும் வயதாகி, எட்டு விரலோடு, கட்டிலில்தான் போனார். ஊர் ஊராக நடந்த காலும் இப்போது ஓய்ந்துவிட்டது. ஆனாலும் யாராவது என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தால், முதலில் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

வட்டத்தை அழித்த அன்று காலை அதில் சாக்கட்டி வெள்ளை வேர்வையில் குழைந்து சேறாகியிருந்தது. கட்டையை ஓரமாக வைத்துவிட்டு நான் பையைத் தோளில் மாட்டினேன். ரம்பக்காரர் உத்தரத்தின் மீதியைக் காலால் தட்டினார்.

“இது?”

“சுத்தம்ங்க.”

“போடு.”

சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, புதிதாக அறுத்த தலைப்பில் வட்டம் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. எதிரே மரம் வாங்க நின்றவனை அவர், போய் டீ குடி என்று அனுப்பிவிட்டு, என் தோளிலிருந்து பையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார்.

“பாசஞ்சர், நீ என் எடத்துல நில்லு. மெதுவா தள்ளு. கைய வாள்கிட்ட கொண்டுபோவாத.”

அப்படிச் சொல்லிவிட்டு அவர் வாங்கும் பக்கம் போனார். முன்னொரு நாள் ஒருவன் செத்த இடத்தில் போய், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன்.