இந்தியா படத்துக்குப் பின்னால் ஜமீலா

செய்தி வந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்து எழுதலாம். ஆனால் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கப் போகிற நீங்கள் எல்லாருமே அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தவர்கள். திங்கட்கிழமை, இரண்டாவது பீரியட். கணக்குப் பரீட்சைத் தாள்களைக் கொடுத்து முடித்து, ராஜம் டீச்சர் போர்டில் முதல் பெயராகக் கோதை என்று எழுதியிருந்தார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பார்த்தால் இதுதான் முதல் தடவை. ஜமீலா மஞ்சள் காமாலையில் பதினோரு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, அதனால் கிடைத்த இடம் அது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் முதலிடம் முதலிடம்தானே? நான் திரும்பி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். அப்போதுதான் பியூன் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர்... தகரக் கடை பாய் வூட்டுப் பாப்பா விடியக்காலையில போயிடுச்சாங்க."

டீச்சர் டஸ்டரை எடுத்துப் போர்டைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. என் பெயர் அங்கே ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டுதான் போனாள் ஜமீலா.

அவளைப் பற்றி எழுத வேண்டியது நான்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். தமிழில் மட்டும் நான் அவளைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்குவேன், அதனாலாம். "உங்கிட்ட தகராறு இருக்கு, அவகிட்ட தகரம் இருக்கு. ரெண்டும் சேந்தா சத்தம் வரும்" என்று டீச்சர் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சத்தம் நான் மட்டும்தான் போட்டேன். அவள் மார்க் வாங்கினாள்.

அவளுடைய அண்ணன் காதர் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டைப்பிஸ்ட். அங்கே கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் ஓடுகிற யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டைப் பற்றிய பாடங்களை ஆபீசர்களுக்காக அவர்தான் டைப் அடிப்பார். மூன்றாவது கார்பன் காப்பி யாருக்கும் வேண்டாம் என்று தூக்கிப் போடுவார்களாம். அதைத் தங்கைக்கு அனுப்பினார். பாதி எழுத்து பூச்சி அரித்த மாதிரி இருக்கும். நமக்கெல்லாம் அண்ணன்கள் வளையலும் ஊக்கும் வாங்கி வந்தார்கள். அவளுக்கு மட்டும் அண்ணன் ஒரு கம்ப்யூட்டரை, எழுத்து எழுத்தாக, தபாலில் அனுப்பினார். அந்த முதல் கவரைப் பார்த்த அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தயிர்சாதத்தின் மேல் பழியைப் போட்டேன்.

கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் படிப்பது எப்படி? அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவள்தான். அவளுடைய அப்பா தகரத்தில் புனலும் பெட்டியும் செய்கிறவர். நமக்கு ஆளுக்கொன்றாக மூடி போட்ட சின்ன டப்பாக்கள் செய்து கொடுத்தார். அந்த டப்பாதான் கம்ப்யூட்டருக்குள் நம்முடைய இடம். டப்பாவுக்குள் இருக்கும் அட்டைகள்தான் நாம் சேர்த்து வைத்த விஷயங்கள். நூலக அறையில் தொங்குகிற இந்தியா படத்துக்குப் பின்னால் டப்பாக்களோடு ஜமீலா உட்கார்ந்துகொள்வாள். நாம் கட்டளையைத் துண்டுச் சீட்டில் எழுதி, கன்னியாகுமரிக்குக் கீழே உள்ள இடுக்கில் தள்ள வேண்டும். எல்.எஸ். என்று எழுதினால் டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். கேட் என்று எழுதி அட்டையின் பெயரைப் போட்டால் அந்த அட்டையில் உள்ளது அப்படியே வரும். க்ரெப் என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கித் தருவாள். காப்பி எடு, பெயர் மாற்று என்று ஏதாவது வேலை கொடுத்தால், செய்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

"ஏண்டி, செஞ்சியா இல்லியா? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று இந்தியாவைப் பார்த்துக் கத்துவேன்.

"ஒன்னும் வரலைன்னா எல்லாம் சரியா நடந்திருக்குன்னு அர்த்தம். மெஷின் வெட்டியா பேசாது, உன்ன மாதிரி" என்பாள் பின்னாலிருந்து.

தப்பாக எழுதினால் மட்டும் சீட்டில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள். எங்கே தப்பு, என்ன தப்பு, ஒன்றும் இருக்காது. அந்தக் கொக்கி எனக்கு எத்தனை வந்திருக்கும் தெரியுமா? கோத்திருந்தால் நம் வகுப்புக்கே துணி காயப் போடலாம்.

ஒரு நாள் அவளை மாட்டி விட நினைத்தேன். ஆர்.எம். என்றால் அட்டையை அழித்துவிடு என்று பொருள். அதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டால், டப்பாவில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடு. அவளுடைய டப்பாவில் தசரா லீவு முழுக்க உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் இருந்தன. இந்தக் கட்டளையைத் தள்ளினால் "அய்யோ, வேணாம்டி" என்று கெஞ்சுவாள், மெஷின் வேஷம் கலையும் என்று கணக்குப் போட்டேன். எழுதித் தள்ளினேன். கெஞ்சல் வரவில்லை. சர்ர், சர்ர் என்று கிழிக்கிற சத்தம் வந்தது. பழைய பேப்பரைக் கிழித்து என்னை ஏமாற்றுகிறாள் என்று சிரித்துக்கொண்டே படத்தைத் தூக்கிப் பார்த்தேன். கிழிந்து கிடந்தவை என்னுடைய கெமிஸ்ட்ரி அட்டைகள்.

"அடிப்பாவி! என்னுத ஏண்டி கிழிச்ச?"

"நீ உன் டப்பாவுல இருந்துகிட்டுத்தான எல்லாத்தையும் அழின்னு சொன்ன? என் டப்பாவுக்கு மாறிட்டு இல்ல சொல்லியிருக்கணும்?"

"வெளையாட்டுக்குச் சொன்னேன்டி!"

"மெஷினுக்கு வெளையாட்டுத் தெரியாது, கோதை. எங்க நிக்கிறோம்னு பாத்துட்டு அழி."

கட்டளை என்றால் அவள் அப்படித்தான். ஒரு புள்ளி கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இதற்குப் பிறகு வருவது உங்களில் யாருக்கும் தெரியாது.

பெங்களூருக்கு ஒரே ஒரு பிள்ளையை அழைத்து வந்தால், அந்த மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார விடுவதாகக் காதர் அண்ணனின் ஆபீசர் சொன்னார். டீச்சர் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தார். நம் வகுப்பில் ஒவ்வொருத்தியும் எந்த ஊர் என்று ஆளுக்கொரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். அந்த அட்டைக் கட்டிலிருந்து ஒவ்வோர் ஊரும் ஒரே ஒரு தடவை, அகர வரிசையில் வர வேண்டும். கட்டளை எழுதுகிறவள் முன்னால் நிற்பாள், மற்றவள் மெஷினாகப் பின்னால் உட்காருவாள். டீச்சருக்கு யூனிக்ஸ் தெரியாது. சரியான பட்டியலைக் கையால் எழுதி வைத்திருந்தார். "ரெண்டு பேருக்கும் தப்பா வந்துச்சுன்னா அந்த எடம் பையனுங்க ஸ்கூலுக்குப் போயிடும்" என்றும் சொன்னார்.

முதலில் ஜமீலாவின் முறை. நான் மெஷின். அவளுடைய சீட்டு வந்தது: ஸார்ட், ஊர்க்கட்டின் பெயர், ஒரு நெட்டுக்கோடு, யூனிக். ஸார்ட் அட்டைகளை வரிசைப்படுத்தும். நெட்டுக்கோடு அவளுடைய அப்பா செய்கிற புனல் மாதிரி, முதல் வேலையில் வந்ததை அடுத்த வேலைக்குள் ஊற்றும். யூனிக் அடுத்தடுத்து ஒரே மாதிரி இருப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். நான் வரிசைப்படுத்தினேன். அரூர் ஒன்று, காரிமங்கலம் ஒன்று, பாலக்கோடு ஒன்று என்று அழகாக வந்தது. ஜெயித்துவிட்டாள் என்று தெரிந்தது. அப்போது என் வயிற்றில் என்ன எரிந்தது என்று எழுத எனக்கு அந்த இரண்டு மார்க் தமிழ் போதாது. ஒதுக்கி வைத்த காரிமங்கலம் அட்டை ஒன்றை எடுத்துத் திரும்பவும் உள்ளே செருகினேன். வேறு ஊர் கிடைக்கவில்லையா எனக்கு? என் சொந்த ஊரையே செருகினேன்.

"காரிமங்கலம் ரெண்டு வாட்டி இருக்குதே, ஜமீலா?" என்றார் டீச்சர்.

ஜமீலா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். படத்தின் ஓரமாக எட்டிப் பார்த்த என்னைப் பார்த்தாள். "ஆமாங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு என் முறை. யூனிக், ஊர்க்கட்டு, நெட்டுக்கோடு, ஸார்ட் என்று எழுதித் தள்ளினேன். ஒரே வேலைதான், எது முன்னால் வந்தால் என்ன என்று நினைத்தேன். எழுதியது தப்பு என்று தெரியாது, செய்தது தப்பு என்று மட்டும் தெரியும். பின்னால் வெகுநேரம் அட்டை புரள்கிற சத்தம் கேட்டது. பட்டியல் வந்தது. ஒவ்வோர் ஊரும் ஒரு தடவை. டீச்சரின் பட்டியலோடு அச்சாகப் பொருந்தியது. நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள்.

டீச்சர் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். அங்கே அந்த மெஷின் இரண்டு பீரோ அளவு இருந்தது. நாம் உட்காருவது அதற்கு முன்னால் அல்ல, பக்கத்து அறையில், காகிதச் சுருள் மாட்டிய ஒரு பெரிய டைப்ரைட்டருக்கு முன்னால். காதர் அண்ணன் நம் ஊர்களையெல்லாம் முன்பே உள்ளே ஏற்றி வைத்திருந்தார். நான் ஜெயித்த கட்டளையை ஓர் எழுத்து பிசகாமல் அடித்தேன். காகிதத்தில் பட்டியல் வந்தது. காரிமங்கலம், காரிமங்கலம், காரிமங்கலம். அரூர்கூட இரண்டு தடவை.

ஆபீசர் சிரித்தார். "யூனிக் பக்கத்துல இருக்கறத மட்டுந்தாம்மா பாக்கும். தள்ளித் தள்ளி இருந்தா அதுக்குத் தெரியாது. மொதல்ல வரிசைப்படுத்தணும், அப்பறந்தான் கழிக்கணும்."

"ஸ்கூல்ல இதே கட்டளைக்குச் சரியா வந்துச்சுங்களே!" என்றார் டீச்சர்.

ஒரு புள்ளி கூட்ட மாட்டாதவள் படத்துக்குப் பின்னால் என்ன செய்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் அவளை நூலகத்தில் பிடித்தேன்.

"நான் எழுதுனது தப்பு. நீ ஏண்டி சரி பண்ண?"

"எவளாவது ஒருத்தி போவணும்ல? பையனுங்க போறதுக்கு நீ போவலாம்னு பாத்தேன்."

"நான் செருகுனது உனக்குத் தெரியுமா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீ பொறாமக்காரி, அது பரவால்ல. ஆனா வரிசை தெரியாத பொறாமக்காரி. மொதல்ல ஸார்ட்டு, அப்பறம் யூனிக். எழுதி வெச்சுக்கோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருட்டுத்தனத்திலும் அவள்தான் முதல் மார்க். நான் ஏமாற்றியது எனக்காக, அவள் ஏமாற்றியதும் எனக்காக. இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் எரியாது, சொல்லுங்கள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அது அடிக்கறப்ப சத்தம் எப்படிடி இருக்கும்? அண்ணன் கடுதாசியில எல்லாம் எழுதுறாரு, அத மட்டும் எழுதவே மாட்டேங்கறாரு."

அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. அவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரே விஷயமும் அதுதான். கொடுக்க மனம் வரவில்லை. "ரொம்ப வேணும்னா நீயே போயிக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவள் பின்னால் நின்று சிரித்தாள். அடுத்த வாரமே கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டாள். பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்தேன். போனால் திரும்பவும் கேட்பாள் என்று போகவில்லை.

செய்தி வந்த அன்றைக்கு நாம் எல்லாரும் அவள் வீட்டுக்குப் போனோம். தெரு முனை வரை செருப்புகள். நான் செத்தால் இதில் பாதிகூட வராது என்று அந்த நேரத்திலும் எண்ணிப் பார்த்தேன். கடை பாதி சாத்தியிருந்தது. சுத்தியல் தகரத்தின் மேல் கிடந்தது. அந்தத் தெருவில் சத்தமே இல்லை. ஒன்றும் வராவிட்டால் எல்லாம் சரி என்று அவள் சொன்னது அந்த இடத்தில் பொருந்தவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை. ஊக்கினால் கோத்த கேள்விக்குறிச் சீட்டுகள். மூன்று காரிமங்கலம் உள்ள காகிதம். அவள் அப்பா செய்த டப்பா, அது இப்போது காலி. அப்புறம், பதில் சொல்லாமல் நான் பிடித்து வைத்துக்கொண்ட ஒரு கேள்வி. மற்றதையெல்லாம் வைத்துக்கொள்கிறேன். இதை மட்டும் இங்கே உங்கள் எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜமீலா, கேட்டுக்கோ. அந்த மெஷின் அடிக்க ஆரம்பித்ததும் நான் திரும்பிப் பார்த்தேன், உன் வீட்டு வாசலில் நிற்கிறேனோ என்று. டக் டக் டக்கென்று, நடுவில் கொஞ்சம் நின்று, மறுபடியும் டக் டக். உங்கப்பா தகரம் தட்டுகிற அதே சத்தம்தாண்டி. நீ பிறந்ததிலிருந்து தினமும் கேட்டதுதான். அதிலும் எனக்கு முன்னால் நீதான்.